துடியலூர் அருவி

துடியலூர் அருவிக்குப் போக வேண்டும் என்று என்னிடம் முதன்முதலில் சொன்னவர் ஹைதராபாத்திலிருந்து வந்த ஒரு பல் டாக்டர். தொண்ணூற்றெட்டாம் வருடம், தீபாவளி முடிந்த வாரம். ரயிலடியிலிருந்து ஆட்டோ பிடித்து நேராக ஆர்.எஸ்.புரத்தில் இருந்த எங்கள் டிராவல்ஸ் ஆபீசுக்கு வந்து, மனைவியோடும் இரண்டு பெட்டிகளோடும் இறங்கினார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து என் மேஜைமேல் விரித்தார். அதில் ஒரு படத்தைத் தொட்டுக் காட்டி, இன்றைக்கு இது, நாளைக்கு ஊட்டி என்றார்.

படத்தில் பிரம்மாண்டமான ஓர் அருவி. மூன்று கிளையாகப் பிரிந்து பச்சைப் பள்ளத்தாக்கில் விழுந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் துடியலூர் என்று போட்டிருந்தது.

நான் சிரித்துவிட்டேன். கோவைக்காரர்கள் யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். மேட்டுப்பாளையம் ரோட்டில் ஊரைவிட்டு வடக்கே போனால் வரும் இடம் துடியலூர். பஸ் ஸ்டாப், சந்தை, ஒர்க்ஷாப்புகள், தடாகம் பக்கத்துச் சூளைகளிலிருந்து வரும் செங்கல் லாரிகள், அவை கிளப்பும் புழுதி. நான் பிறந்து வளர்ந்ததும் பள்ளிக்கூடம் போனதும் அங்கேதான். தண்ணீர் லாரி நின்று குடம் நிரம்பி வழிவதைத் தவிர வேறெந்த நீர்வீழ்ச்சியையும் துடியலூரில் நான் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்குதான். ஆனால் எங்கள் தெலுங்கு அவருக்குப் பாதி புரியவில்லை, அவருடையது எனக்குப் பாதி புரியவில்லை. ஆகவே தமிழும் ஆங்கிலமும் கலந்து, அங்கே அருவி எதுவும் இல்லை, யாரோ தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்று விளக்கினேன். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். பிறகு தாளின் அடியில் இருந்த வரியைக் காட்டினார். எங்கள் டிராவல்ஸின் பெயர், எங்கள் விலாசம், என் மேஜைமேல் இருந்த போனின் நம்பர்.

அந்தத் தாள் எங்களுடையதுதான்.

நடந்தது இது. என் கணவர் ஒரே ஒரு அம்பாசடரோடு ஆரம்பித்த தொழில், இரண்டு காரும் ஒரு வேனும் என்று வளர்ந்திருந்தது. அவர் நீண்ட சவாரிகளுக்குத் தானே வண்டி ஓட்டிப் போய்விடுவார். ஆபீஸ், போன், யாரை எங்கே அனுப்புவது என்பதெல்லாம் என் பொறுப்பு. அந்த வருடம் பிப்ரவரிக் குண்டுவெடிப்புக்குப் பிறகு கோவை என்றாலே வெளியூர்க்காரர்கள் யோசித்தார்கள். வண்டிகள் வாரக்கணக்கில் ஷெட்டிலேயே நின்றன. அப்போதுதான் என் கொழுந்தன், பீளமேட்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலையில் இருந்தவன், ஒரு யோசனை சொன்னான். இனிமேல் எல்லாரும் இன்டர்நெட்டில் பார்த்துவிட்டுத்தான் ஊரைவிட்டே கிளம்புவார்கள், நமக்கென்று ஒரு பக்கம் இருக்க வேண்டும், காசு இல்லாமலே போட்டுவிடலாம் என்றான்.

பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை நான் சொல்லச் சொல்ல அவன் எழுதிக்கொண்டான். மருதமலை, பேரூர், ஊட்டி, குன்னூர், டாப்ஸ்லிப், ஆழியாறு, கடைசியில் சிறுவாணி. அதற்குக் கீழே, எங்கள் வண்டி ஷெட் இருக்கும் இடம் என்று துடியலூர். இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் படம் என்று கட்டம் கட்டினான். எங்களிடம் இருந்த போட்டோக்களைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்ற வழியில்லாததால், யாரிடமோ இருந்த ஒரு சிடியிலிருந்து மலை, கோயில், யானை, அருவி என்று படங்களை எடுத்து ஒட்டினான். எங்கேயோ ஒரு கட்டம் நழுவி, படங்கள் எல்லாம் ஒவ்வொரு வரி கீழே இறங்கிவிட்டன. கோயிலுக்கு நேராக இன்னொரு கோயில், மலைக்கு நேராக இன்னொரு மலை, ஊட்டிக்கு நேராக ஒரு கோயில், எல்லா ஊரிலும் இருப்பதுதான். அதனால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சிறுவாணிக்கென்று வைத்த அருவி மட்டும் துடியலூருக்கு வந்து சேர்ந்தது.

முடித்ததும் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினான். அந்தக் காலத்து இன்டர்நெட்டில் ஒரு படம் திரையில் வருவதற்குள் காபி போட்டுக் குடித்துவிடலாம். அருவி மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இறங்கி முடித்தபோது நாங்கள் எழுந்து கிளம்பிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் என்ன பெயர் இருக்கிறது என்று ஒருவரும் படிக்கவில்லை.

செப்டம்பரில் அவன் அமெரிக்கா போய்விட்டான். இரண்டாயிரம் பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் எல்லாம் நின்றுபோகும் என்று பயந்து, அதைச் சரிசெய்ய ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள் அல்லவா, அந்த வேலைக்கு.

பல் டாக்டரைச் சமாதானப்படுத்தி ஊட்டிக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் காலை தெருமுக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து கொழுந்தனுக்குப் போன் செய்தேன். அங்கே ராத்திரி, அவன் சாப்பிட உட்கார்ந்திருந்தான். சிரித்தான். இந்த வாரமே சரி செய்கிறேன் என்றான். அடுத்த வாரம் பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்றான். அதற்கடுத்த வாரம், பக்கத்தை ஒரு நண்பனின் ஈமெயிலை வைத்துப் பதிவு செய்திருந்ததாகவும், அந்த நண்பன் வேலை மாறிவிட்டதாகவும் சொன்னான். இன்டர்நெட்டில் பக்கத்துக்கு இடம் கொடுத்த கம்பெனிக்குப் போன் செய்து கேள் என்றேன். அவர்களுக்குப் போன் நம்பரே கிடையாது என்றான். அது எப்படி ஒரு கம்பெனிக்குப் போன் இல்லாமல் இருக்கும் என்று கேட்டேன்.

“அண்ணி, நீங்க டென்ஷன் ஆகாதீங்க. துடியலூர்னு யாருங்க படிக்கப் போறாங்க?”

எல்லாரும் படித்தார்கள். பெங்களூரிலிருந்து, சென்னையிலிருந்து, ஒருமுறை புனேயிலிருந்து. வாரத்துக்கு ஒரு கோஷ்டியாவது அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்த தாளோடு வந்தது. சிலர் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கொண்டுவந்தார்கள். சிலர் ஒவ்வோர் இடத்துக்கும் பக்கத்தில் பேனாவால் நேரம் குறித்திருந்தார்கள்.

அதற்கு முன்பு வந்தவர்கள் ஒன்றும் தெய்வப் பிறவிகள் அல்ல. வேனில் வாந்தி எடுப்பார்கள், கொண்டை ஊசி வளைவில் சீட்டுக்குச் சண்டை போடுவார்கள், ஏழு மணிக்கென்றால் ஒன்பதுக்கு வருவார்கள். ஆனால் கேட்பார்கள். ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து, ரெண்டு நாள் இருக்குதுங்க, என்னங்க பாக்கலாம் என்பார்கள். நான் அவர்களைப் பார்ப்பேன். வயதானவர் இருந்தால் படியேறுகிற இடம் வேண்டாம் என்பேன், கைக்குழந்தை இருந்தால் ஊட்டிக் குளிரை யோசிக்கச் சொல்வேன். அவர்கள் தலையாட்டுவார்கள். அது எனக்கு ஒரு கௌரவமாக இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

தாளோடு வந்தவர்கள் எதையும் கேட்கவில்லை. தாளைக் காட்டினார்கள். அதில் இருந்தது உண்மை, நான் சொன்னது சந்தேகம். அதே தாளை எழுதியதும் நாங்கள்தான் என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. துடியலூரில் அருவி இல்லை என்று சொன்னால், அதிக வாடகைக்கு ஊட்டி அனுப்பப் பார்க்கிறேன் என்று நினைத்தார்கள். ஒருவர் பக்கத்துத் தெருவில் இன்னொரு டிராவல்ஸில் விசாரித்து, அங்கேயும் இல்லை என்று சொன்னதும் திரும்பி வந்து, எல்லாரும் பேசி வைத்துக்கொண்டு சொல்கிறீர்களா என்று கேட்டார். கதவில் ஒரு போர்டு எழுதி மாட்டினேன். துடியலூரில் அருவி கிடையாது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும். அதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்த ஒருவர், இந்த வருடம் மழை குறைவோ என்றார்.

பெங்களூர் அம்மாள் ஒருவரை மட்டும் இன்றும் மறக்க முடியவில்லை. நான் துடியலூரிலேயே பிறந்தவள், எனக்குத் தெரியாதா என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. என் கையை மெல்லத் தட்டி, ரொம்ப நாளாக அந்தப் பக்கம் போயிருக்க மாட்டீர்கள் என்றார்.

என்னிடம் பேசிப் பயனில்லை என்று முடிவு செய்தவர்கள் வண்டியில் ஏறியதும் டிரைவரிடம் கேட்டார்கள். எங்கள் முதல் கார் வந்த நாளிலிருந்து கூடவே இருந்தவர் அவர். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், அதிர்ந்து பேசத் தெரியாதவர். மேட்டுப்பாளையம் ரோட்டில் துடியலூர் என்ற பெயர்ப்பலகை வந்ததும் நிறுத்துங்கள் என்பார்களாம். இறங்கித் தாளைப் பிடித்துக்கொண்டு சந்தைக்குள் போய் விசாரிப்பார்களாம். திரும்பி வந்து இவரைத் திட்டுவார்களாம். சாயங்காலம் சாவியை மேஜைமேல் வைக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தாலே அன்றைக்கு எத்தனை பேர் விசாரித்தார்கள் என்று தெரிந்துவிடும்.

நவம்பர் கடைசியிலிருந்து திட்டு நின்றது. துடியலூர் கேட்டுப் போனவர்கள் சந்தோஷமாகத் திரும்பினார்கள். ஒருவர் எனக்கு நன்றிகூடச் சொன்னார். டிரைவரைக் கூப்பிட்டு என்ன விஷயம் என்று கேட்டேன். பன்னிமடை தாண்டி மலையடிவாரத்தில், ஒரு தோட்டத்துக்குள் பாறையில் ஓடைத் தண்ணீர் விழுகிறது, ஓர் ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும், அங்கே கூட்டிப் போகிறேன், போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள் என்றார்.

தோட்டத்துக்காரர் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டேன். நல்ல மனுசருங்கக்கா என்றார்.

நான் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். மழைக்காலத்து ஓடை தை பிறந்தால் வற்றிவிடும் என்பது அந்தப் பக்கத்தில் பிறந்த எனக்குத் தெரியாததல்ல. ஜனவரி போயிற்று, பிப்ரவரி போயிற்று, அருவி பார்த்தவர்கள் திருப்தியாகவே திரும்பினார்கள். எனக்கு நிம்மதி வேண்டியிருந்தது. கதவில் மாட்டியிருந்த போர்டைக்கூடக் கழற்றிவிட்டேன்.

ஏப்ரலில் ஒரு காலை, ஆபீஸ் திறந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, வெள்ளைச் சட்டையும் தோளில் துண்டுமாக ஒருவர் வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு மஞ்சள் பை. செருப்பை வெளியே விட்டுவிட்டு, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு சீப்பு பூவன் பழத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். பன்னிமடைக்கு அந்தப் பக்கம் தோட்டம், உங்கள் வண்டி எங்கள் தோட்டத்துக்குத்தான் வந்து போகிறது என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். திட்டப்போகிறார் என்று நான் தயாரானேன்.

“ஏனுங்க அம்மணி, அந்த ரோட்டுச் சமாச்சாரம் இப்ப எந்த மட்டுல இருக்குதுங்க?” என்றார்.

“எந்த ரோடுங்கண்ணா?”

“என்ற தோட்டம் வரைக்கும் தார் ரோடு வருதுன்னு சொன்னாங்களேங்க. உங்க டிரைவரு சொல்லிப்போட்டுத்தானுங்க போனாரு. வாரவங்க எல்லாம் டூரிசத்துக்கு எடம் பாக்கறவங்க, போட்டோ புடிச்சுட்டுப் போயி மேல குடுப்பாங்க, அவுங்களுக்குப் புடிச்சுப்போச்சுன்னா ரோடு வந்துருமுன்னு.”

அவர் தொடர்ந்தார். பொங்கலோடு ஓடை நின்றுவிட்டதாம். போட்டோ எடுக்க வருகிறவர்கள் வெறும் பாறையைப் பார்த்தால் வேலை கெட்டுவிடுமே என்று, வண்டிச் சத்தம் கேட்டதும் மோட்டாரைப் போட்டு, வாய்க்கால் தண்ணீரைப் பாறைமேல் திருப்பிவிடுகிறாராம். தோட்டத்துக்கு மோட்டார் ஓட்ட வேண்டிய கரண்ட் ஒரு நாளைக்குச் சில மணி நேரம்தான் வரும். அந்த நேரத்தில் பாறையில் விழுந்த தண்ணீர் பள்ளத்தில் போய்விடும், மரத்துக்குப் போகாது.

“மூணு மாசமா இப்படித்தானுங்க உட்டுட்டிருக்கறேன். இப்பக் கெணத்துல தண்ணி எறங்கிப்போச்சுங்க. தென்னை வாடுது. ரோடு வந்துருமின்னா இன்னுமொரு மாசம் எப்படியாச்சும் சமாளிச்சுப்போடுவனுங்க. அதான் ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுப் போலாம்னு வந்தேன்.”

அவருக்கு அந்த ரோடு எதற்கு என்று கேட்டேன். மழை பெய்தால் தேங்காய் வண்டி உள்ளே வராது, அவர் மனைவிக்கு முழங்கால் வலி, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோக்காரர்கள் வர மறுக்கிறார்கள் என்றார். குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அன்றைக்கும் பத்து மணிக்கு ஒரு சென்னைக் குடும்பம் அதே துடியலூருக்குப் பதிவு செய்திருந்தது. வேனும் வாசலில் வந்து நின்றது. டிரைவர் இறங்கி, பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். நான் ஆபீசைப் பூட்டினேன். நீங்களும் ஏறுங்கண்ணா, நானும் வாரேன், அங்கே போய்ப் பேசிக்கலாம் என்றேன்.

ஹோட்டலில் வண்டி ஏறிய சென்னைக்காரருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கம்ப்யூட்டர் வேலை. மனைவி மட்டும் கூட வந்திருந்தார். சென்னைக்காரர் கையில் இருந்ததுதான் நான் முதலில் பார்த்த டிஜிட்டல் கேமரா. பிலிம் கிடையாது, எடுத்த படம் அதன் முதுகிலேயே உடனே தெரிந்தது. ஹோட்டலிலிருந்து துடியலூர் வரைக்கும், முந்தின நாள் எடுத்த படங்களை ஒவ்வொன்றாக மனைவிக்குக் காட்டிக்கொண்டே வந்தார். ஜன்னலுக்கு வெளியே பன்னிமடை வந்தது, மலை வந்தது, பாக்குத் தோப்பு வந்தது. அவர் நேற்றைய பேரூரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்சீட்டில் இருந்த தோட்டத்துக்காரர் திரும்பி உட்கார்ந்து மரியாதையாக, நீங்க எந்த ஊருங்க என்று கேட்டார். சென்னை என்று தலை நிமிராமல் பதில் வந்தது. மெயின் ரோட்டிலிருந்து வண்டித் தடத்தில் இறங்கியதும் தோட்டத்துக்காரர் விளக்க ஆரம்பித்தார். இந்தக் குழியில்தான் போன வருடம் தேங்காய் வண்டி சாய்ந்தது, இந்தத் திருப்பத்தில் ஒரு பாலம் போட்டால் போதும், நிலம் எடுக்க யாரும் மறுக்க மாட்டார்கள், நானே பேசி வைத்திருக்கிறேன். சென்னைக்காரர் ஓகே, ஓகே என்றார். ஒவ்வொரு ஓகேக்கும் தோட்டத்துக்காரரின் முகம் மலர்ந்ததை நான் பின்சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தேன். டிரைவர் கண்ணாடியில்கூட என்னைப் பார்க்கவில்லை.

இறங்கினோம். தென்னைகளின் மட்டைகள் பழுத்துத் தொங்கின. பாறை ஒன்றரை ஆள் உயரம், காய்ந்து வெள்ளையாக இருந்தது. தோட்டத்துக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மோட்டார் ரூமுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் மேலே வாய்க்காலில் சலசலப்பு கேட்டது. முதலில் சருகும் சேறுமாக வந்து, பிறகு தெளிந்து, இரண்டு கை அகலத்துக்குத் தண்ணீர் பாறைமேல் வழிந்து விழுந்தது.

சென்னைக்காரர் மனைவியை முன்னால் நிறுத்தி ஏழெட்டுப் படம் எடுத்தார். அந்த அம்மாள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஏப்ரல் வெயிலில் கண்முன்னே குளிர்ந்த கிணற்றுத் தண்ணீர் விழுகிறது, ஒருவராவது கையை நீட்டி நனைக்க வேண்டுமே. இல்லை. கேமராவின் முதுகைப் பார்த்தார்கள். பிறகு அவர் தாளை எடுத்துக் கேமராவுக்குப் பக்கத்தில் வைத்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இதுல இருக்கற மாதிரி இல்லையே மேடம். சீசன் இல்லையோ?” என்றார்.

தோட்டத்துக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொல்ல வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். அந்தக் கேள்வியில் எல்லாம் போயிற்று. ஆறு மாத எரிச்சலும் சேர்ந்து, எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டேன்.

“இது அருவியே இல்லீங்க. மோட்டார் தண்ணி. அந்தப் படம் தப்பு. நாங்க போட்ட தப்பு. துடியலூர்ல அருவி எப்பவுமே இருந்ததில்லீங்க.”

சென்னைக்காரர் என்னைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார். கோபப்படுவார், பணத்தைத் திருப்பிக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்கு அவர்மேல் மரியாதை வந்திருக்கும்.

“பரவால்ல மேடம். போட்டோல அருவி மாதிரிதான் வந்திருக்கு” என்றார். பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அடுத்தது மருதமலைதானே, மத்தியானம் நடை சாத்திவிடுவார்களாமே என்று வேனை நோக்கி நடந்தார்.

தோட்டத்துக்காரர் மோட்டார் ரூம் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் சொன்னது அவருக்குக் கேட்டிருந்தது.

“அப்ப இவுங்க ரோடு போடறவங்க இல்லீங்களா?”

இல்லை என்றேன். இதற்கு முன் வந்த ஒருவரும் இல்லை, எல்லாரும் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள், ரோடு என்று ஒன்று எங்கும் யாரும் பேசவில்லை என்று முழுக்கச் சொன்னேன். அவர் திரும்பினார். உள்ளே போய் மோட்டாரை அணைத்தார். தண்ணீர் நூலாகி, சொட்டாகி, நின்றது.

வெளியே வந்தவர் டிரைவரைப் பார்க்காமலே என்னிடம் சொன்னார்.

“செரிங்க அம்மணி. நேர்ல வந்து சொல்லிப்போட்டீங்க, அதுக்கு மேல என்னங்க. அவரக் கோவிச்சுக்காதீங்க. வண்டி ஓட்டறவருக்கும் நாலு பேர் தொந்தரவு இருக்குமுங்களே.”

அவர் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அந்த ‘ங்க’வை வாங்கிக்கொண்டு வருவதுதான் கஷ்டமாக இருந்தது.

அன்று சாயங்காலம் ஆபீசில் டிரைவரை நிற்கவைத்துக் கேட்டேன். எப்படி மனசு வந்தது உங்களுக்கு என்றேன். முதலில் சும்மா ஒரு வார்த்தைக்குச் சொன்னதுதான், அவர் அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் கேட்டார், இல்லை என்று சொல்ல முடியாமல் போய்விட்டது என்றார். பிறகு மெதுவாக, “நீங்க இங்க உக்காந்து இல்லைன்னு ஒரு வார்த்தைல சொல்லிப்போடறீங்கக்கா. அதுக்கப்புறம் நாள் பூரா கேக்கறது நானுங்க” என்றார். ஓடை எப்படி மார்ச்சில் ஓடுகிறது என்று கேட்காமல் போர்டைக் கழற்றியவள் நான். மறுநாள் முன்னதைவிடப் பெரிதாக ஒரு போர்டு எழுதி மாட்டினேன். துடியலூர் கேட்டு வருகிறவர்களுக்கு வண்டியே கிடையாது என்று சொல்லிவிட்டேன். சில பேர் போய்விட்டார்கள். கணவர் முணுமுணுத்தார். போகட்டும் என்றேன்.

ஜூனில் கொழுந்தனின் நண்பனைத் தேடிக் கண்டுபிடித்துப் பாஸ்வேர்டை வாங்கினேன். அப்போது ஆர்.எஸ்.புரத்திலேயே பிரவுசிங் சென்டர் வந்துவிட்டது. அங்கே வேலை செய்த பெண்ணின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அந்தப் படத்தை எடுக்கச் சொன்னேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எட்டு மாதமாக என் உயிரை எடுத்தது ஒரு பட்டனைத் தட்டியதும் போய்விட்டது. வீட்டுக்கு வந்து அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஆகஸ்டில் பெங்களூரிலிருந்து ஒரு ஜோடி வந்தது. கையில் தாள். துடியலூர் அருவி.

அந்தப் படத்தை நீக்கியாகிவிட்டது, பழைய தாள் அது என்றேன். இல்லை, நேற்றுத்தான் பிரிண்ட் எடுத்தோம் என்று காட்டினார்கள். வேறு தாள். நம் சென்னைக்காரர் தான் சுற்றிய ஊர்களைப் பற்றி இன்டர்நெட்டில் தானே ஒரு பக்கம் வைத்திருந்தார். துடியலூர் அருவி, சிறியது, கூட்டமில்லாதது, அமைதியானது, தோட்டத்துக்காரர் நல்ல உதவி செய்வார் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். மெயின் ரோட்டிலிருந்து எத்தனையாவது திருப்பம், எந்த மரத்தடியில் வண்டி நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் பிசகில்லாமல் இருந்தது. படத்தில் பாறை, பாறையில் தண்ணீர், அவர் மனைவி, ஓரத்தில் என் சேலைத் தலைப்பு. மோட்டாரைப் பற்றி ஒரு வரி இல்லை.

பிரவுசிங் சென்டருக்குப் போய் அந்தப் பெண்ணை வைத்து அவருக்கு ஈமெயில் எழுதினேன். அது அருவி அல்ல என்று உங்களிடமே சொன்னேனே, ஒருவரின் சொந்தத் தோட்டம், தயவுசெய்து எடுத்துவிடுங்கள் என்று. மறுநாளே பதில் வந்தது. மிக மரியாதையான பதில். தகவலுக்கு நன்றி, திருத்தம் செய்துவிட்டேன் என்றிருந்தார். திருத்தத்தைப் பார்த்தேன். அருவி அப்படியே இருந்தது. கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: தனியார் இடம், உரிமையாளரிடம் அனுமதி கேட்டுச் செல்லவும்.

மறுபடியும் எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனசு கேட்காமல் தோட்டத்துக்குப் போனேன். தோட்டத்துக்காரர் களத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். இப்போதும் யாராவது வருகிறார்களா என்று கேட்டேன். வாரம் ஒரு வண்டியாவது வருகிறது என்றார். வேண்டாம் என்று சொல்லி அனுப்ப வேண்டியதுதானே, வழியில் ஒரு முள்ளை வெட்டிப் போட்டால் போதுமே என்றேன்.

“வந்து நின்னு, போலாமுங்களான்னு கேக்கறாங்களே அம்மணி. கேட்டுப்போட்டா அப்பறம் எப்படீங்க வேண்டாங்கறது?”

மோட்டார் போடுகிறீர்களா என்று பயந்துகொண்டே கேட்டேன். அதெல்லாம் இல்லைங்க, அது நம்ம தென்னைக்கு என்றார். வருகிறவர்கள் வெறும் பாறையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்றார். ஒருவராவது தண்ணீர் எங்கே என்று கேட்டார்களா என்றேன். கேட்டார்கள், மழை வந்தால் வரும் என்று சொல்கிறேன் என்றார். தென்னை மட்டைகள் தேறியிருந்தன. அதைப் பார்த்தபோது மட்டும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே வண்டித் தடத்தில் ஒரு வெள்ளை மாருதி ஆடி ஆடி வந்து நின்றது. ஓர் இளைஞனும் பெண்ணும் இறங்கினார்கள். அவன் கையில் தாள். தோட்டத்துக்காரர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வாங்க வாங்க என்று முன்னால் போனார். பெண் அவர் பின்னால் நடந்தாள். இளைஞன் என்னைப் பார்த்து நின்று, நீங்கள் இந்த ஊரா என்று கேட்டான்.

ஆமாம், இங்கேதான் பிறந்தேன் என்றேன்.

இங்கே எந்த மாதத்தில் தண்ணீர் நன்றாக விழும் என்று கேட்டான்.

எந்த மாதத்திலும் விழாதுங்க, இங்கே அருவியே கிடையாதுங்க என்றேன்.

அவன் தாளைப் புரட்டிப் பார்த்தான். அப்படி எதுவும் போடவில்லையே என்று சொல்லிவிட்டுப் பாறையைப் பார்க்கப் போனான்.